க்யூவில் நிற்பவரை விரட்டாதீர்கள்: இஸட்/ஓஎஸ்-இல் பூட்டிக்கொண்டதைத் திறப்பது எப்படி

இரவு ஷிஃப்டில் போன் அடித்தால் எதிர்முனையில் இருப்பவர் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: "சிஸ்டம் லாக் ஆயிடுச்சு, கொஞ்சம் எடுத்து விடுங்க." எது பூட்டிக்கொண்டது, யார் பூட்டியது என்று கேட்டால் பதில் வராது. இஸட்/ஓஎஸ் இயங்குதளம் ஓடும் மெயின்ஃப்ரேமில் (நிறுவனங்களின் பெரிய மையக் கணினி) 'லாக்' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கட்டளை வேறு, ஆபத்தும் வேறு. ஆகவே கன்சோலில் கை வைக்கும் முன், உங்கள் முன்னால் இருப்பது எந்த லாக் என்று பிரித்துப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பெழுத்தில் தருகிறேன். கன்சோலில் ஆங்கில எழுத்தில், காற்புள்ளி, அடைப்புக்குறி, சமக்குறி எல்லாம் நான் போட்டிருக்கும் இடத்திலேயே தட்ட வேண்டும். எஸ்டிஎஸ்எஃப் (ஓடும் வேலைகளைப் பார்க்கும் கருவி) திரையிலிருந்து அடிப்பதாக இருந்தால் கட்டளைக்கு முன்னால் ஒரு சாய்கோடு. 'டி' என்று தொடங்குபவை டிஸ்ப்ளே கட்டளைகள். வெறும் பார்வை மட்டும்தான், எதையும் உடைக்காது. தாராளமாக அடித்துப் பாருங்கள். 'சி', 'ஃபோர்ஸ்', '$இ' என்று தொடங்குபவற்றுக்கு முன்னால் மட்டும் ஒரு மூச்சு இழுத்து விடுங்கள்.

உங்கள் ஐடியே மாட்டிக்கொண்டால்

புதியவர்கள் முதலில் சந்திப்பது இதைத்தான். நெட்வொர்க் ஒரு நொடி அறுந்து, மறுபடி டிஎஸ்ஓ-வில் (பயனர்கள் லாகான் செய்து வேலை பார்க்கும் இடம்) நுழையப் போனால் 'ஐகேஜே56425ஐ லாகான் ரிஜெக்டட், யூசர்ஐடி இன் யூஸ்' என்று துரத்தும். உங்கள் பழைய செஷன் உள்ளே இன்னும் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். லாகான் திரையின் கீழ்ப்பக்கம் 'ரீகனெக்ட்' என்று ஒன்று இருக்கும். அதற்கு முன்னால் எஸ் எழுத்தைப் போட்டு என்டர் தட்டுங்கள். விட்ட இடத்திலேயே போய் நிற்பீர்கள். அதுவும் கைகொடுக்கவில்லை என்றால், கன்சோல் அதிகாரம் உள்ளவர் 'சி யூ=உங்கள் ஐடி' என்று அடித்துப் பழைய செஷனை முடித்துவிடலாம். சேமிக்காத எடிட் போய்விடலாம், தெரிந்தே செய்யுங்கள்.

'ரிவோக்டு' என்று வந்தால் அது வேறு கதை. கடவுச்சொல்லைப் பலமுறை தவறாக அடித்ததால் ராக்எஃப் என்ற பாதுகாப்பு மென்பொருள் உங்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. பாதுகாப்புக் குழுவில் ஒருவர் 'ஏஎல்யூ ஐடி ரெஸ்யூம்' அடித்தால் சரியாகிவிடும். ஆபரேட்டருக்கு இதில் வேலை இல்லை.

சப்சிஸ்டம் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள்

'டிபி2 லாக்' என்று வந்த அழைப்புகளில் ஒரு பங்கு, டிபி2 என்ற டேட்டாபேஸ் மென்பொருள் எழவே இல்லை என்பதில்தான் போய் முடியும். 'டி எஸ்எஸ்ஐ,ஆல்' என்று அடித்தால் பதிவான சப்சிஸ்டங்கள் (டிபி2 போலச் சேவை தரும் மென்பொருள்கள்) வரிசையாக வரும். ஒவ்வொன்றின் பெயரும் நான்கு எழுத்துக்குள் இருக்கும், பக்கத்தில் ஆக்டிவ் அல்லது இன்ஆக்டிவ் என்று இருக்கும். இன்ஆக்டிவ் என்று இருந்து, 'டைனமிக்=யெஸ்' என்றும் காட்டினால் 'செட்எஸ்எஸ்ஐ ஆக்டிவேட்,சப்நேம்=பெயர்' வேலை செய்ய வாய்ப்பு உண்டு. 'டைனமிக்=நோ' என்றால் அந்தக் கட்டளை ஏற்கப்படாது. ஒன்றைக் கவனியுங்கள்: இந்தப் பட்டியலில் ஆக்டிவ் என்று இருப்பதாலேயே அந்த சப்சிஸ்டத்தின் அட்ரஸ் ஸ்பேஸ் (அது ஓடும் தனி நினைவகப் பகுதி) ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஆகாது. 'டி ஏ,எல்' அடித்து அதையும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாராவது பதிலுக்காகக் காத்திருக்கிறார்களா?

பூட்டைத் தேடும் முன் 'டி ஆர்,எல்' அடியுங்கள். பதில் சொல்லப்படாமல் தொங்கும் கேள்விகள் 'ஐஇஇ112ஐ' என்ற செய்தியின் கீழ் எண்ணோடு வரும். டேப்பை மாட்டு என்று ஒரு ஜாப் (சிஸ்டத்தில் ஓடவிட்ட ஒரு வேலை) கேட்டிருக்கும்; டிவைஸ் பெயரைச் சொல் அல்லது கேன்சல் என்று சொல் என 'ஐஇஎஃப்238டி' கேட்டிருக்கும். அந்த ஜாப் தன் கையில் பத்து டேட்டாசெட்டை (மெயின்ஃப்ரேமில் ஃபைலுக்கு அதுதான் பெயர்) வைத்துக்கொண்டு பதிலுக்காக உட்கார்ந்திருக்க, அதன் பின்னால் மற்றவை எல்லாம் நிற்கும். மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய லாக் பிரச்சினை போலவே தெரியும். 'ஆர் எண்,பதில்' என்று ஒரே வரி போட்டதும் முழு வரிசையும் நகர்ந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் கேள்வியைப் படிக்காமல் யூ என்றோ கேன்சல் என்றோ அடித்துவிடாதீர்கள். சில கேள்விகளுக்குத் தவறான பதில் சொன்னால் டேப்பில் இருப்பது அழிந்துவிடும்.

வரிசையைப் படிப்பது

இப்போது விஷயத்துக்கு வருவோம். இஸட்/ஓஎஸ்-இல் ஒரு வளத்தைப் பிடித்துவைப்பதற்குப் பெயர் என்க்யூ. யார் எதைப் பிடித்திருக்கிறார்கள், யார் எதற்காக நிற்கிறார்கள் என்ற கணக்கை ஜிஆர்எஸ் வைத்திருக்கிறது. ஒவ்வொரு வளத்துக்கும் இரண்டு பெயர் உண்டு. முதல் பெயர் எட்டு எழுத்து, எந்த வகை என்று சொல்வது. இரண்டாவது எந்தப் பொருள் என்று சொல்வது, 255 எழுத்து வரை போகலாம். டேட்டாசெட் என்றால் முதல் பெயர் 'சிஸ்டிஎஸ்என்'. ஐஎஸ்பிஎஃப் என்ற டிஎஸ்ஓ எடிட்டரில் ஒரு மெம்பரை, அதாவது டேட்டாசெட்டுக்குள் இருக்கும் ஒரு தனிப் பகுதியை, திருத்திக்கொண்டிருந்தால் 'எஸ்பிஎஃப்எடிட்'. டிஎஸ்ஓ யூசர்ஐடி என்றால் 'சிஸ்ஐகேஜேயூஏ'. நாள் முழுக்கப் பார்க்கப்போவது இந்த மூன்றைத்தான், மனப்பாடம் ஆகிவிடும்.

ஒரு ஜாப் நின்றுவிட்டால் சிஸ்டத்தின் செய்திப் பதிவில் 'ஐஇஎஃப்861ஐ', 'ஐஇஎஃப்863ஐ', கடைசியாக 'ஐஇஎஃப்099ஐ ஜாப் இன்னது வெயிட்டிங் ஃபார் டேட்டா செட்ஸ்' என்று வரும். இதில்தான் நான் முதன்முதலில் வழுக்கினேன். 'ரிப்போர்ட்5' என்ற ஜாபின் பெயர் அந்தச் செய்தியில் வந்தது. சரி, குற்றவாளி இதுதான் என்று கேன்சல் செய்தேன். ஷெட்யூலர் மறுபடி ஓடவிட்டது, மறுபடி அதே செய்தி. மறுபடி கேன்சல். மூன்றாவது முறை பின்னால் நின்றிருந்த சீனியர் சொன்னார்: "தம்பி, க்யூவுல நிக்கறவனை விரட்டி என்ன ஆகப்போகுது? கவுண்டர்ல யாரு நிக்கறாங்கன்னு பாரு." அந்தச் செய்தியில் வருவது காத்திருப்பவரின் பெயர், பிடித்திருப்பவரின் பெயர் அல்ல.

கவுண்டரில் நிற்பவரைப் பார்க்க 'டி ஜிஆர்எஸ்,சி'. சி என்பது கன்டென்ஷன், மோதல். எந்த மோதலும் இல்லை என்றால் 'நோ என்க்யூ ரிசோர்ஸ் கன்டென்ஷன் எக்ஸிஸ்ட்ஸ்' என்று சொல்லிவிடும். அப்படி வந்தால் உங்கள் பிரச்சினை என்க்யூ அல்ல, வேறு பக்கம் தேடுங்கள். மோதல் இருந்தால் 'ஐஎஸ்ஜி343ஐ' செய்தியின் கீழ் இந்த மாதிரி நிற்கும்:

வளம்: சிஸ்டிஎஸ்என், ப்ராட்.கஸ்ட்.மாஸ்டர்
யூசர்07 — ஷேர் — ஓன்
பேரோல்1 — எக்ஸ்க்ளூசிவ் — வெயிட்
ரிப்போர்ட்5 — ஷேர் — வெயிட்
ரிப்போர்ட்6 — ஷேர் — வெயிட்

இந்த நான்கு வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஜேசிஎல்-இல் (ஜாபுக்கு என்ன வேண்டும் என்று எழுதும் மொழி) டிஸ்ப்=எஸ்ஹெச்ஆர் என்று கேட்டால் ஷேர்; எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். ஓல்டு, நியூ, மாட் என்று கேட்டால் எக்ஸ்க்ளூசிவ், ஒருவருக்கு மட்டும்தான். ஓன் என்றால் கையில் இருக்கிறது, வெயிட் என்றால் நிற்கிறார். புதியவர்களைக் குழப்புவது ரிப்போர்ட்5-தான். "யூசர்07 ஷேர், ரிப்போர்ட்5-உம் ஷேர், இரண்டும் ஒத்துப்போகுமே, ஏன் நிற்கிறது?" என்பார்கள். காரணம் நடுவில் நிற்கும் பேரோல்1. வந்த வரிசைப்படிதான் ஜிஆர்எஸ் கொடுக்கும். எக்ஸ்க்ளூசிவ் கேட்ட ஒருவர் க்யூவில் நுழைந்துவிட்டால் அவருக்குப் பின்னால் வந்த ஷேர் எல்லாம் அவரைத் தாண்டிப் போக முடியாது. ஆக, ஒருவர் ஐஎஸ்பிஎஃப்-இல் அந்த டேட்டாசெட்டைத் திறந்து ப்ரவுஸ் செய்துகொண்டே டீ குடிக்கப் போனதற்கு முழு பேட்சும் (ஆள் இல்லாமல் வரிசையாக ஓடும் ஜாப்கள்) நிற்கிறது. இந்தக் காட்சியை நான் எண்ண முடியாத அளவு பார்த்தாயிற்று.

குறிப்பிட்ட ஒரு டேட்டாசெட்டை மட்டும் பார்க்க 'டி ஜிஆர்எஸ்,ரெஸ்=(சிஸ்டிஎஸ்என்,டேட்டாசெட் பெயர்)'. மோதல் இல்லாவிட்டாலும் வைத்திருப்பவரைக் காட்டும். கன்சோல் அதிகாரம் இல்லாத டெவலப்பராக இருந்தால் கவலை வேண்டாம். ஐஎஸ்பிஎஃப்-இல் 'டேட்டா செட் இன் யூஸ்' என்று மேலே வந்ததும் எஃப்1 விசையை இரண்டு முறை தட்டிப் பாருங்கள், யார் வைத்திருக்கிறார்கள் என்று காட்டும். இல்லாவிட்டால் 'டிஎஸ்ஓ ஐஎஸ்ஆர்டிடிஎன்' என்று உள்ளே போய் 'என்க்யூ' என்று அடித்து டேட்டாசெட் பெயரைக் கொடுங்கள். ஆபரேட்டருக்குப் போன் செய்யும் முன் இதைச் செய்துவிட்டு, "யூசர்07 வைத்திருக்கிறார்" என்று சொல்லிப் பேசினால் மரியாதையே தனி.

சில சமயம் வைத்திருப்பவரே இன்னொன்றுக்காக நிற்பார். ஏ-க்காக பி, பி-க்காக சி என்று சங்கிலி நீளும். அப்போது 'டி ஜிஆர்எஸ்,அனலைஸ்,ப்ளாக்கர்' அடித்தால் மற்றவர்களை மறித்துக்கொண்டு நிற்பவர்கள் மேலே வருவார்கள். 'ப்ளாக்கர்' இடத்தில் 'டிபென்டென்சி' என்று போட்டால் சங்கிலி முழுவதும் தெரியும். வட்டமாகச் சுற்றி வந்து நின்றால் டெட்லாக், தானாக அவிழாது, யாரையாவது ஒருவரை எடுத்தே ஆக வேண்டும்.

'டி ஜிஆர்எஸ்,சி'யின் கடைசியில் லாட்ச் (சிஸ்டம் உள்ளுக்குள் போட்டுக்கொள்ளும் பூட்டு) பற்றியும் சில வரி வரும். லாட்ச் மோதல் ஒரு கண நேரம் தெரிந்து மறைந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தும் அதே ஆள், அதே லாட்ச் என்றால் சிஸ்டம் ப்ரோகிராமரை எழுப்புங்கள். லாட்சைப் பிடித்திருப்பது பெரும்பாலும் சிஸ்டத்தின் உள் வேலை. ஆபரேட்டர் கேன்சல் அடித்துத் தீர்க்கும் சங்கதி அல்ல.

வைத்திருப்பவரை என்ன செய்வது

முதலில் கேளுங்கள். டிஎஸ்ஓ பயனர் என்றால் 'சென்ட்' கட்டளையில் ஒரு செய்தி, இல்லாவிட்டால் ஒரு போன். அவர் டேட்டாசெட்டை விட்டு வெளியே வந்தாலே போதும். எழுந்து போய்விட்டார், பதிலே இல்லை என்றால் 'சி யூ=யூசர்07'.

பேட்ச் ஜாப் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு ஜாபுக்குத் தேவையான டேட்டாசெட் பெயர்களை எல்லாம் ஜாப் தொடங்கும்போதே இனிஷியேட்டர் (ஜாபைத் தொடங்கி ஓட்டும் பகுதி) மொத்தமாகப் பிடித்துவிடும். ஒன்றைக் கடைசியாகப் பயன்படுத்தும் ஸ்டெப் முடிந்த பிறகுதான் விடும். முதல் ஸ்டெப்பில் டிஸ்ப்=ஓல்டு என்று தொட்டுவிட்டு ஒன்பதாவது ஸ்டெப்பில் மறுபடி எஸ்ஹெச்ஆர் என்று படித்தால், பொதுவாக நடுவில் முழு நேரமும் பூட்டுதான். அதனால் ஜாப் எந்த ஸ்டெப்பில் இருக்கிறது, அசைகிறதா என்று பாருங்கள். 'டி ஏ,ஜாப்பெயர்' இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில் அடியுங்கள். சிடி என்ற சிபியு நேரம் ஏறியிருந்தால் அது உழைத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கொல்லலாமா, பின்னால் நிற்பவரைக் காக்க வைக்கலாமா என்பது அப்ளிகேஷன் குழு சொல்ல வேண்டிய முடிவு. நீங்களாக எடுக்காதீர்கள், அதிகாலை மூன்று மணியானாலும் எழுப்பிக் கேளுங்கள்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஏணிப்படி இதுதான். ஸ்டார்ட்டட் டாஸ்க் (கன்சோலில் ஸ்டார்ட் கொடுத்து ஓடவிட்டது) என்றால் முதலில் 'பி பெயர்', நல்லபடியாக நிறுத்து என்ற வேண்டுகோள். கேட்கவில்லை என்றால் 'சி பெயர்'. 'ஐஇஇ301ஐ கேன்சல் கமாண்ட் அக்செப்டட்' என்று வந்து, ஜாப் எஸ்222 என்ற அபெண்ட் (பாதியில் முறிந்தது என்று சொல்லும்) கோடோடு முடியும். ஏன் மாட்டியது என்று பிறகு ஆராய வேண்டும் என்றால் 'சி பெயர்,டம்ப்'. அப்போது கோடு எஸ்122. ஒரே பெயரில் இரண்டு மூன்று ஓடினால் 'ஏ=' போட்டு அட்ரஸ் ஸ்பேஸின் அடையாளமான ஏஎஸ்ஐடி எண்ணையும் கொடுங்கள்; அந்த எண் 'டி ஜிஆர்எஸ்,சி'யிலும் 'டி ஏ'யிலும் இருக்கிறது, இரண்டையும் ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'நான்-கேன்சலபிள், இஷ்யூ ஃபோர்ஸ் ஆர்ம்' என்று வந்தால் அடுத்த படி 'ஃபோர்ஸ் பெயர்,ஆர்ம்'. கேன்சல் செய்ய முடியாதபடி அமைத்திருக்கும் ஒன்றையும் இது கேன்சல் மாதிரியே இறக்கிவிடும், அதன் மீட்பு வேலைகளுக்கும் இடம் கொடுக்கும். ஆர்ம் இல்லாத வெறும் ஃபோர்ஸ் வேறு ஜாதி. ப்ரோகிராமின் சொந்த மீட்பு ரொட்டீன்கள் ஓடாமலே அட்ரஸ் ஸ்பேஸை அப்படியே பிடுங்கி எறிந்துவிடும். பாதியில் விட்ட வேலை பாதியிலேயே நிற்கும், மோசமானால் ஐபிஎல் (சிஸ்டத்தையே மறுபடி ஏற்றுவது) வரை இழுத்துவிடும். முதல் வருடத்தில் அந்தக் கட்டளையை நீங்கள் தனியாக அடிக்கும் நிலை வரக் கூடாது.

கவுண்டரில் நிற்பது கேட்லாக், ஜிஆர்எஸ், எக்ஸ்சிஎஃப்ஏஎஸ், மாஸ்டர் என்று சிஸ்டத்தின் அடிப்படைப் பகுதி ஒன்றாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு சிஸ்டம் ப்ரோகிராமரைக் கூப்பிடுங்கள்.

கிக்ஸ் பிடித்திருக்கும் ஃபைல்

பகலில் ஆன்லைன், இரவில் பேட்ச் என்று ஒரே விசாம் ஃபைலைப் பகிரும் தளங்களில் இது வாடிக்கை. ஆன்லைன் பரிவர்த்தனைகளை நடத்தும் மென்பொருளான கிக்ஸை இறக்க வேண்டியதில்லை. 'சிஇஎம்டி எஸ் ஃபைல்(பெயர்) க்ளோ' என்று அந்த ஃபைலை மட்டும் மூடினால் போதும். மூடிய பிறகும் பேட்ச் நிற்கிறது என்றால், அந்த ஃபைல் கிக்ஸின் ஜேசிஎல்-இல் டிடி வரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிக்ஸ் தானாக அலொகேட் செய்த ஃபைலை மூடும்போது அதுவே விட்டுவிடும்; டிடி வரியில் வந்தது மூடினாலும் கையிலேயே இருக்கும். தொங்கும் டாஸ்க் என்றால் 'சிஇஎம்டி ஐ டாஸ்க்' பார்த்து, எண்ணைக் கொடுத்து பர்ஜ். அதற்கும் மசியாவிட்டால்தான் ஃபோர்ஸ்பர்ஜ்.

டிபி2-இன் பூட்டு ஜிஆர்எஸ்-க்குத் தெரியாது

டேபிள், பேஜ், ரோ அளவிலான பூட்டுகளை டிபி2-க்காக ஐஆர்எல்எம் தனியாக வைத்திருக்கிறது. ஆகவே 'டி ஜிஆர்எஸ்,சி' சுத்தமாக இருக்கும், ஆனால் ப்ரோகிராம்கள் -911 அல்லது -913 என்ற எஸ்க்யூஎல்கோடோடு விழுந்துகொண்டிருக்கும். செய்திப் பதிவில் 'டிஎஸ்என்டி376ஐ' தேடுங்கள். டைம்அவுட் ஆனவரின் ப்ளான் பெயரோடு, பிடித்திருப்பவர் ஒருவரின் பெயரையும் அதே செய்தி சொல்லிவிடும். டெட்லாக் என்றால் 'டிஎஸ்என்டி375ஐ'. இப்போது ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்க '-டிஸ்ப்ளே டேட்டாபேஸ்(பெயர்) ஸ்பேஸ்நாம்(*) லாக்ஸ்'. கடைசி நெடுவரிசையில் ஹெச் என்று தொடங்கினால் பிடித்திருப்பவர், டபிள்யூ என்றால் நிற்பவர். இங்கும் அதே க்யூ, அதே கவுண்டர்.

-904 வந்தால் வளமே கிடைக்கவில்லை என்று பொருள். ஸ்டேட்டஸில் 'யூடியூடி' என்று இருந்தால் ஏதோ ஒரு யூட்டிலிட்டி (லோட் போன்ற பராமரிப்பு வேலை) முழுவதுமாகப் பிடித்திருக்கிறது. '-டிஸ்ப்ளே யூட்டிலிட்டி(*)' பாருங்கள். அது நின்றுபோயிருந்தால் '-டெர்ம் யூட்டிலிட்டி' என்று முடித்துவிடக் கை பரபரக்கும். பாதியில் நின்ற லோடை அப்படி முடித்தால் டேபிள்ஸ்பேஸ் ரெகவர் பென்டிங் (மீட்டெடுக்கும் வரை பயன்படுத்த முடியாத) நிலைக்குப் போய்விடலாம். பூட்டைத் திறக்கப் போய்க் கதவையே கழற்றியது போல் ஆகும். ரீஸ்டார்ட் செய்ய முடியுமா என்று டேட்டாபேஸ் நிர்வாகியான டிபிஏ-விடம் முதலில் கேளுங்கள். '-ஸ்டார்ட் டேட்டாபேஸ் ... ஆக்சஸ்(ஃபோர்ஸ்)' என்று எங்கோ படித்திருப்பீர்கள். அது குறையைச் சரிசெய்யாது. குறை இருக்கிறது என்று சொல்லும் கொடியை மட்டும் இறக்கிவிடும்.

இன்னொரு பொறி ரோல்பேக். மூன்று மணி நேரமாக கமிட் போடாமல் அப்டேட் செய்துகொண்டிருந்த ஜாபை கேன்சல் செய்தால், செய்ததை எல்லாம் திரும்ப அழிக்க ஏறக்குறைய அதே நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை பூட்டு இருக்கும். "கேன்சல் வேலை செய்யவில்லை" என்று பொறுமை இழந்து ஃபோர்ஸ் அடிப்பவர்கள், டிபி2-ஐயே இறக்கி ஏற்றுபவர்கள் உண்டு. எழுந்து வந்த டிபி2 விட்ட இடத்திலிருந்து அதே ரோல்பேக்கைத்தான் தொடரும். அந்த இடைவெளியில் மற்ற எல்லோரும் வெளியே நின்றதுதான் மிச்சம்.

ஜெஸ்2 செக்பாயின்ட் பூட்டு

இது அரிது. ஆனால் வந்தால் ஒரே சமயத்தில் எல்லா சிஸ்டமும் நின்றுவிடும், எந்த ஜாபும் உள்ளே வராது, வெளியே போகாது. ஜெஸ்2 என்பது ஜாப்களை உள்ளே வாங்கி, அவுட்புட்டை வெளியே அனுப்பும் சப்சிஸ்டம். ஒரே ஸ்பூலை (ஜாப்களும் அவுட்புட்டும் தங்கும் டிஸ்க்) பகிரும் பல ஜெஸ்2-கள் தங்கள் ஜாப் க்யூ விவரத்தை செக்பாயின்ட் என்ற ஒரு பொது இடத்தில் எழுதுகின்றன. ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே எழுதலாம், அதற்கு ஒரு பூட்டு. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு சிஸ்டம் செத்துப்போனால் மற்றவை '$ஹாஸ்ப்263', '$ஹாஸ்ப்264' என்று கத்தத் தொடங்கும். பூட்டு யாரிடம் என்று அந்தச் செய்தியிலேயே பெயர் வரும்.

திறக்கும் கட்டளை '$இ சிகேபிடிலாக்,ஹெல்ட்பை=மெம்பர்'. இங்கே மெம்பர் என்பது பூட்டை வைத்திருக்கும் சிஸ்டத்தின் பெயர். ஒரே வரிதான். ஆனால் இந்த முழுக் கட்டுரையிலும் எனக்குக் கை நடுங்கும் வரி இதுதான். பெயர் வந்திருக்கும் சிஸ்டம் உண்மையிலேயே இறந்திருக்க வேண்டும். 'டி எக்ஸ்சிஎஃப்,எஸ்,ஆல்' பாருங்கள். ஹார்டுவேர் கன்சோலில் அந்த எல்பார் (அந்த சிஸ்டம் ஓடும் மெயின்ஃப்ரேம் பங்கு) ரீசெட் ஆகிவிட்டதா என்று இன்னொருவரை வைத்தும் உறுதிசெய்யுங்கள். அது வெறுமனே மெதுவாக இருந்து, நீங்கள் பூட்டைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் இரண்டு பேர் ஒரே பக்கத்தில் எழுதுவார்கள். செக்பாயின்ட் கெட்டால் க்யூவில் இருக்கும் அத்தனை ஜாபும், அச்சுக்குக் காத்திருக்கும் அத்தனை அவுட்புட்டும் கேள்விக்குறி. இறந்தது உறுதியான பிறகு பூட்டை எடுத்துவிட்டு, அந்த சிஸ்டத்தின் பெயரில் தொங்கும் ஜாப்களை மற்றவை எடுத்துக்கொள்ள '$இ மெம்பர்(பெயர்)' கொடுக்க வேண்டியிருக்கும்.

திறந்த பிறகு

'டி ஜிஆர்எஸ்,சி' இன்னொரு முறை அடியுங்கள். முதல் பூட்டு போனதும் அடுத்து நின்றவர் எக்ஸ்க்ளூசிவாக எடுத்துக்கொண்டு, வரிசை இன்னும் நிற்கலாம். அது கோளாறு அல்ல, அவருடைய முறை. எடிட்டில் இருந்தவரை நீங்கள் கேன்சல் செய்திருந்தால் அவருக்கு ஒரு வரி எழுதுங்கள், காலையில் வந்து குழம்ப வேண்டாம். பேட்சைக் கேன்சல் செய்திருந்தால் மறு ஓட்டத்துக்கு முன் பாதியில் உருவான டேட்டாசெட் ஏதாவது கேட்லாகில் கிடக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பூட்டு தீர்ந்த அரை மணியில் அதே ஜாப் 'டூப்ளிகேட் நேம்' என்று ஜேசிஎல் பிழையில் விழுந்து, அதே போன் மறுபடி அடிக்கும்.

ஷிஃப்ட் குறிப்பில் நேரம், வளத்தின் பெயர், பிடித்திருந்தவர், அடித்த கட்டளை, யாரிடம் ஒப்புதல் வாங்கினீர்கள் என்பதை எழுதிவிடுங்கள். 'டி ஜிஆர்எஸ்,சி' காட்டிய திரையையும் கேன்சலுக்கு முன்பே நகலெடுத்து ஒட்டுங்கள். பூட்டு போனதும் அந்தத் திரை மறுபடி வராது, காலையில் முதலில் கேட்பது அதைத்தான்.